ஜீப் 4.0க்கு நாலு ஓட்டை இன்ஜெக்டர்: மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு

190 குதிரைத்திறன் தரும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு எவ்வளவு பெரிய இன்ஜெக்டர், அதாவது பெட்ரோலை உள்ளே தெளிக்கும் குழல், வேண்டும்? டர்போ இல்லாத இன்ஜின், முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் அரை பவுண்டு பெட்ரோல் குடிக்கும். அப்படியானால் மொத்தம் 95 பவுண்டு. ஆறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 15.8. இன்ஜெக்டரை நூற்றுக்கு நூறு திறந்தே வைத்திருக்கக் கூடாது, எண்பது சதவீதத்தோடு நிறுத்துவதுதான் வழக்கம். ஆகவே 0.8ஆல் வகுங்கள். வருவது மணிக்கு 19.8 பவுண்டு.

ஜீப் செரோக்கியின் 4.0 லிட்டர் இன்ஜின் 1991இல் 'ஹை அவுட்புட்' என்ற பெயரோடு வந்தபோது அதன் திறன் இதே 190தான். கம்பெனி போட்டு அனுப்பிய இன்ஜெக்டரும் இந்தக் கணக்கை ஒட்டியதுதான். சாதா 4.0க்குப் பெட்ரோல் பஞ்சம் கிடையாது என்பது இதிலேயே தெரிந்துவிடும். 24 பவுண்டு, 30 பவுண்டு என்று பெரிதாக வாங்கிச் செருகினால் கூடுவது பெட்ரோல் செலவு மட்டும்தான். உள்ளே போகும் காற்று கூடவில்லையே, எதை வைத்துக் கூடுதலாக எரிப்பது? பிளக் கருக்கும், புகை கருக்கும், பல மாதம் இப்படியே ஓட்டினால் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் படலத்தைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போகும்.

அப்படியிருந்தும் அமெரிக்காவில் 4.0 வைத்திருப்பவர்கள் பலர் வாயில் நாலு ஓட்டை இன்ஜெக்டருக்கு மாறும் பேச்சு அடிபடும். அதற்குக் காரணம் அளவு அல்ல, தெளிக்கும் விதம்.

இந்த இன்ஜின் 1987 மாடலில் வந்தது, 2006 வரை ரேங்லரில் ஓடியது. தொண்ணூறுகளின் பெரும்பகுதி வரை அதில் இருந்தது ஒற்றை ஊசி முனை கொண்ட இன்ஜெக்டர். ஊசி மேலே எழும்பும்போது, அதற்கும் துவாரத்துக்கும் நடுவில் கிடைக்கிற வட்டமான இடுக்கு வழியாகப் பெட்ரோல் வரும். டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்தால், புதிதாக இருக்கும்போது கூம்பு மாதிரி விரியும். இருபது வருடம் ஓடி, முனையில் கரி பிடித்ததென்றால் கூம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுவில் ஒரு நூல் போலத் தாரை விழும். தோட்டத்துக் குழாயைப் பாதி திறந்தால் வருமே, அப்படி. 1999 முதல் 4.0க்கு வந்தது நாலு ஓட்டைத் தகடு வைத்த பாஷ் இன்ஜெக்டர், எண் 0280155784. ஊசி எழும்பினால் பெட்ரோல் ஒரு மெல்லிய தகட்டில் போட்ட நாலு நுண் துளை வழியாகப் பிரிந்து வருகிறது. துளி சிறிது, சீக்கிரம் ஆவியாகும்.

சிறு துளியால் என்ன லாபம்? காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது பெரிய துளி ஆவியாகாமல் போர்ட் (சிலிண்டருக்குக் காற்று போகும் வழி) சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் சுவரில் இருப்பது கொஞ்சம் தாமதித்து உள்ளே போகும். அந்தத் தாமதம்தான் சிக்னலில் இருந்து கிளம்பும்போது வருகிற ஒரு தயக்கம். நாலு ஓட்டையில் இந்தத் தயக்கம் குறையும், ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுவது) சீராகும், குளிர் ஸ்டார்ட்டில் பெட்ரோல் நாற்றம் குறையும். குதிரைத்திறன்? திறன் அளக்கும் டைனோவில் ஏற்றினால் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. 'மாற்றினேன், வண்டி புதுசாகிவிட்டது' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி அடைத்துப்போன செட்டைக் கழற்றிவிட்டுப் புதிய செட்டைப் போட்டவர்கள். அவர்கள் பழையதையே அல்ட்ராசானிக்கில் சுத்தம் செய்து போட்டிருந்தாலும் பாதிக்கு மேல் அதே சுகம் கிடைத்திருக்கும். செலவு குறைவான வழி அதுதான். முதலில் அதைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

அழுத்தம் தெரியாமல் இன்ஜெக்டர் வாங்காதீர்கள்

இன்ஜெக்டர் மேல் போட்டிருக்கும் பவுண்டு கணக்கு ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பெரும்பாலும் அது 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ. அழுத்தம் மாறினால் ஓட்டமும் மாறும், ஆனால் நேர் விகிதத்தில் அல்ல, வர்க்கமூல விகிதத்தில். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஓட்டம் 41 சதவீதம்தான் கூடும்.

4.0இல் இரண்டு விதமான அழுத்தம் உண்டு. 1987 முதல் 1990 வரை வந்த ரெனிக்ஸ் (அந்தக் காலத்து இன்ஜின் கணிப்பொறியின் பெயர்) வண்டிகளிலும், அதற்குப் பின் வந்த ஹை அவுட்புட் வண்டிகளில் 1995 வரையிலும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பகிரும் ஃபியூவல் ரெயிலிலேயே இருக்கும், அதற்குக் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்கம் ஹோஸ் வரும். ஐடிலில் 31 பிஎஸ்ஐ, ஹோஸைக் கழற்றினால் 39. 1997 முதல் செரோக்கியிலும் ரேங்லரிலும் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்ப்போடு போய்விட்டது, திரும்பி வரும் லைன் இல்லை, ரெயிலில் எப்போதும் 49 பிஎஸ்ஐ.

இப்போது எண்ணின் கடைசியில் 784 உள்ள அந்த பாஷ் இன்ஜெக்டரைப் பாருங்கள். 49 பிஎஸ்ஐயில் ஏறக்குறைய 22.5 பவுண்டு என்பது இதற்குப் பழகிய கணக்கு. அதையே 1993 வண்டியில் போட்டால் 39க்கும் 49க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலம் 0.89. 22.5ஐ அதனால் பெருக்கினால் 20 பவுண்டு. 19.8 தேவை, 20 கிடைக்கிறது. ஆறு வருடம் பின்னால் வந்த இன்ஜெக்டர் முன்னால் வந்த வண்டிக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால்தான் இந்த மாற்றம் இவ்வளவு பரவியது. மறுபக்கம், 3 பாரில் 24 பவுண்டு என்று எழுதியதை வாங்கினால் பழைய வண்டியில் அது 22.7, புதிய வண்டியில் 25.5. ஒரே இன்ஜெக்டர், இரண்டு வண்டியில் இரண்டு குணம்.

கூடுதலாகப் போனால் கணிப்பொறி சரிசெய்துகொள்ளாதா என்று கேட்பீர்கள். ஓரளவு செய்யும். இந்த ஜீப்பில் காற்றை நேரடியாக அளக்கும் மீட்டர் கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் காற்றின் சூட்டையும் வைத்து 'இவ்வளவு காற்று வந்திருக்கும்' என்று அட்டவணையிலிருந்து ஊகிக்கிறது. இன்ஜெக்டர் எவ்வளவு ஊற்றும் என்பதும் அந்த அட்டவணைக்குள் புதைந்திருக்கிற ஒரு எண்தான். நீங்கள் இன்ஜெக்டரை மாற்றியது அதற்குத் தெரியாது. எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் 'பெட்ரோல் அதிகம்' என்று சொன்ன பிறகுதான் குறைக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது அந்தச் சென்சாரின் பேச்சை அது கேட்பதில்லை. கிளம்பின முதல் நிமிடத்திலும் கேட்பதில்லை. அந்த இரண்டு இடத்திலும்தான் பெரிய இன்ஜெக்டர் கழுத்தறுக்கும்.

ஐடிலில் இன்னொரு சிக்கல். மின்சாரம் பாய்ந்ததும் இன்ஜெக்டர் உடனே திறந்துவிடாது. சுருள் காந்தமாகி ஊசியைத் தூக்க 14 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு பிடிக்கும், பேட்டரி இறங்கினால் இன்னும் கூடுதல். ஐடிலில் மொத்தத் துடிப்பே (ஒரு தடவை மின்சாரம் கொடுக்கும் நேரம்) இரண்டு மூன்று மில்லிசெகண்டுதான். பெரிய இன்ஜெக்டர் போட்டால் துடிப்பை இன்னும் சுருக்க வேண்டிவரும், அதில் பாதி நேரம் திறப்பதற்கே போய்விடும். அந்த எல்லையில் ஓட்டம் ஒரு தடவை இருப்பது போல் மறு தடவை இருக்காது. ஏசி ஓடி, ஹெட்லைட் எரிந்து, வோல்ட் கொஞ்சம் இறங்கினால் இன்ஜின் தடுமாறும்.

மஸ்டாங்கில் காற்று மீட்டர் வைத்து ஏமாற்றிய கதை

இதே காரியத்தை ஃபோர்டு மஸ்டாங் 5.0 ஆட்கள் வேறு வழியில் செய்தார்கள். 1989 முதல் 1993 வரையிலான மஸ்டாங்கில் காற்றை அளக்கும் மீட்டர் உண்டு. கம்பெனி இன்ஜெக்டர் 19 பவுண்டு, ஆரஞ்சு நிறம். அதை எடுத்துவிட்டு நீல நிற 24 பவுண்டு போடுவார்கள், கூடவே '24க்கு அளவு செய்தது' என்று சொல்லி விற்கும் காற்று மீட்டரையும் போடுவார்கள். அந்த மீட்டர் செய்வது பச்சைப் பொய். 100 பங்கு காற்று வந்தால் 79 பங்கு என்று சொல்லும், ஏனென்றால் 19ஐ 24ஆல் வகுத்தால் 0.79. கணிப்பொறி 79 பங்குக்குத் துடிப்பு கொடுக்கும், இன்ஜெக்டர் 26 சதவீதம் கூடுதலாக ஊற்றும், கடைசியில் பெட்ரோல் கணக்கு சரியாக வந்து நிற்கும்.

பெட்ரோல் மட்டும்தான் சரி. பற்றவைப்பு நேரத்தையும் அதே காற்று அளவை வைத்துத்தான் கணிப்பொறி தீர்மானிக்கிறது. சுமை குறைவு என்று நினைத்து, தீப்பொறியை இன்னும் முன்னதாகப் போடும். மலையேறும்போது, முழு மிதியில், சிலிண்டருக்குள் கல் உருட்டுகிற சத்தம் வந்தால் காரணம் இதுதான். சூப்பர்சார்ஜர் வைத்த மஸ்டாங்குகளில் இப்படிப் பிஸ்டன் போனவை உண்டு. பின்னாளில் சிப் போட்டு, இன்ஜெக்டர் அளவையே கணிப்பொறிக்குள் மாற்றி எழுதும் வசதி வந்தபின் இந்த ஏமாற்று வித்தை தேவையில்லாமல் போனது. ஆனாலும் பழைய மீட்டர்கள் சந்தையில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, பார்த்து வாங்குங்கள்.

ஓம், கனெக்டர், உயரம்

எந்த வண்டியிலிருந்து எந்த வண்டிக்குப் போனாலும் மூன்று விஷயம் பார்க்காமல் கையை வைக்காதீர்கள்.

முதலில் மின்தடை. மல்டிமீட்டரை இரண்டு பின்னிலும் வையுங்கள். 12 முதல் 16 ஓம் காட்டினால் அது உயர்தடை வகை. ஜீப் 4.0 இந்த வகைதான். 2, 3 ஓம் காட்டினால் குறைதடை. உயர்தடைக்குச் செய்த கணிப்பொறியில் குறைதடையைச் செருகினால், 14 வோல்ட்டை 14 ஓமால் வகுத்து வரும் ஒரு ஆம்பியருக்குப் பதில் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். இன்ஜெக்டர் பிழைத்துக்கொள்ளும், கணிப்பொறியின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் கருகும். ஹோண்டாவில் இதற்கு நேர்மாறான நிலை வரும். தொண்ணூறுகளின் பல ஹோண்டா இன்ஜின்கள் குறைதடை இன்ஜெக்டரோடு வந்தவை, நடுவில் ஒரு ரெசிஸ்டர் பெட்டி இருக்கும். அவற்றில் பலர் 2007 முதல் 2012 வரை வந்த டர்போ அக்யூரா ஆர்டிஎக்ஸின் 410 சிசி இன்ஜெக்டரைப் போடுகிறார்கள். அது உயர்தடை, ஆகவே அந்தப் பெட்டியைக் கழற்றி வயரை நேராக இணைக்க வேண்டும். பெட்டியை விட்டுவைத்தால் சுருளுக்குப் போகும் ஆம்பியர் குறைந்து, திறப்பது இன்னும் தாமதமாகும், ஐடிலில் மிஸ்ஸிங் அடிக்கும்.

இரண்டாவது உயரம். பாஷின் பழைய தடித்த ஈவி1 உடம்பும், அதற்குப் பின் வந்த மெலிந்த ஈவி6 உடம்பும் மேல் ஓ-ரிங்கிலிருந்து (லீக்கைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கீழ் ஓ-ரிங் வரை ஏறக்குறைய ஒரே உயரம்தான், 60 மில்லிமீட்டரை ஒட்டி. ஆகவே 4.0இல் எதையும் வெட்டி ஒட்ட வேண்டாம். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் ஈவி14 மூன்று உயரத்தில் வருகிறது: சுமார் 34, 48, 60. குட்டையை வாங்கிவிட்டால் மேலே தொப்பி மாதிரி அடாப்டர் போட வேண்டும், இன்னொரு ஓ-ரிங், லீக் ஆக இன்னொரு இடம். கனெக்டரும் கவனம். வயர் கம்பிக் கிளிப் உள்ள பழைய கனெக்டரும், பக்கத்தில் அமுக்கிக் கழற்றும் புதிய கனெக்டரும் ஒன்றில் ஒன்று நுழையாது. மாற்றுத் துண்டு வயர் கிடைக்கும், ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே கூடுதல் பிளாஸ்டிக்கைத் தொங்கவிடுவதைவிட, கனெக்டர் பொருந்துகிற இன்ஜெக்டரைத் தேடுவது மேல்.

மூன்றாவது தெளிப்புத் திசை. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. 4.0இல் சிலிண்டருக்கு ஒரு இன்டேக் வால்வுதான், பெட்ரோல் ஒரே கூம்பாக அந்த வால்வின் முதுகில் விழ வேண்டும். சிலிண்டருக்கு நாலு வால்வு உள்ள இன்ஜின்களில் இன்டேக் வால்வு இரண்டு. அவற்றின் இன்ஜெக்டர் பல இடங்களில் இரண்டு கூம்பாகப் பிரித்துத் தெளிக்கும். அதைக் கொண்டுவந்து 4.0இல் போட்டால் இரண்டு கூம்பும் போர்ட்டின் இரண்டு சுவரில் போய் மோதும். நாலு ஓட்டை என்று காசு கொடுத்து வாங்கிவிட்டு, ஒற்றை ஊசியைவிட மோசமாக ஓட்டலாம். பெட்டியில் 'நாலு ஓட்டை' என்று மட்டும் பார்க்காமல், கூம்பு ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். பன்னிரண்டு ஓட்டை வாங்கினால் மூன்று மடங்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

போலியும் பழையதும்

எண் பொறித்த போலிகள் ஏராளம். உண்மையான பாஷில் பத்து இலக்க எண் உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ கூர்மையாகப் பொறித்திருக்கும், ஒரே செட்டில் ஆறுக்கும் எழுத்தின் அமைப்பு ஒன்றாக இருக்கும். ஆறு புதிய இன்ஜெக்டர் ஒரு நல்ல இன்ஜெக்டரின் விலைக்குக் கிடைத்தால் விட்டுவிடுங்கள். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் எடுத்து, சுத்தம் செய்து, ஓட்டம் அளந்து, சீட்டோடு தருகிறவர்களிடம் வாங்குவதே நம்பிக்கையான வழி.

அந்தச் சீட்டில் பார்க்க வேண்டியது சராசரி அல்ல, ஆறுக்கும் இடையே உள்ள வித்தியாசம். மணிக்கு 20 பவுண்டு என்பது நிமிடத்துக்குச் சுமார் 210 மில்லி. பதினைந்து வினாடி திறந்து வைத்தால் கண்ணாடிக் குழாயில் 52 மில்லி நிற்கும். ஐந்து குழாயில் 52, ஒன்றில் 46 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 51. எல்லாச் சிலிண்டர் புகையையும் கலந்து முகரும் சென்சாருக்கு 2 சதவீதம் குறைவு என்றுதான் தெரியும், கணிப்பொறியும் ஆறுக்கும் சேர்த்து 2 சதவீதம் கூட்டும். ஐந்து சிலிண்டருக்கு அது மிச்சம், ஆறாவதுக்கு இன்னும் 10 சதவீதம் பற்றாக்குறை. ஸ்கேனரில் எல்லாம் நன்றாகத் தெரியும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும். ஆகவே செட்டுக்குள் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். திறந்தே வைத்து அளந்தது மட்டும் போதாது. இரண்டரை மில்லிசெகண்டுத் துடிப்பில் அளந்ததும் வேண்டும், ஐடிலின் சீரைச் சொல்வது அதுதான். அழுத்தம் கொடுத்து மூடி வைத்து ஒரு நிமிடம் முனையைப் பார்த்தார்களா, துளி சொட்டியதா என்பதும் சீட்டில் இருக்கட்டும்.

வீட்டில் ஒன்பது வோல்ட் பேட்டரியால் தட்டி, பெட்ரோல் ஊற்றிச் சுத்தம் செய்யும் வித்தை வீடியோக்களில் நிறைய. வயர் தொடும் இடத்தில் பொறி, ஒரு அடி தள்ளிப் பெட்ரோல் புகை. வேண்டாம்.

மாற்றும் வேலை

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். 4.0இல் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. சிந்துகிற பெட்ரோல் நேரே எக்ஸாஸ்டில்தான் விழும். தீயணைப்பான் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பம்ப் ரிலேயைப் பிடுங்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தானாக அணையும் வரை ஓட விடுங்கள். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். இன்ஜெக்டர் அடியைச் சுற்றி இருபது வருட மண்ணும் ஆயில் பசையும் இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்து, கம்ப்ரெசர் காற்றால் ஊதுங்கள். இதைச் செய்யாமல் இன்ஜெக்டரைப் பிடுங்கினால் அந்த மண் திறந்த போர்ட்டுக்குள் விழும்.

கனெக்டர்களுக்கு முன்னாலிருந்து 1 முதல் 6 வரை டேப்பில் எண் போடுங்கள். வயர் கிளிப்பைச் சின்ன ஸ்குரூடிரைவரால் நெம்பினால் எங்காவது பறந்து தொலைந்துபோகும், விரலை மேலே வைத்து நெம்புங்கள். பிளாஸ்டிக் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெட்ரோல் லைனின் குவிக் கனெக்டை அதற்கான வளையக் கருவியால்தான் கழற்ற வேண்டும். பழைய வண்டியில் ரெகுலேட்டர் வேக்கம் ஹோஸையும் எடுங்கள். அதை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் நாற்றமோ ஈரமோ இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. அதை அப்படியே விட்டு இன்ஜெக்டர் மட்டும் மாற்றினால் கருப்புப் புகை நிற்காது.

ரெயில் போல்ட்டுகளைக் கழற்றி, ரெயிலை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து மேலே தூக்குங்கள். இன்ஜெக்டர்கள் ரெயிலோடு சேர்ந்து வரும். கம்பியால் நெம்ப வேண்டாம், ரெயில் வளையும். வெளியே வந்ததும் ஓட்டைகளைச் சுத்தமான துணியால் மூடுங்கள். எத்தனை ஓ-ரிங் வெளியே வந்தது என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு வர வேண்டும். ஒன்று குறைந்தால் அது மேனிஃபோல்டு ஓட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேலேயே புதியதை அழுத்தினால் காற்று லீக் நிச்சயம்.

ரெயிலுக்குள் இருக்கும் தூசியை ஊதி வெளியே தள்ளுங்கள். புதிய ஓ-ரிங், விட்டான் ரப்பரில். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம். வறண்ட ரிங்கைத் திணித்தால் விளிம்பு சீவிக்கொண்டு போகும், பார்வைக்குத் தெரியாது, அழுத்தம் வந்ததும் தெரியும். ஆறையும் முதலில் ரெயிலில் ஏற்றிக் கிளிப் போடுங்கள், பிறகு ஆறு முனையையும் ஒரே சமயத்தில் ஓட்டைக்கு நேராக வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். போல்ட்டு 100 இன்ச்-பவுண்டு, சுமார் 11 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். இறுக்கிய பின் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் சுழல வேண்டும். சுழலாவிட்டால் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது உயரம் பொருந்தவில்லை.

கனெக்டர் மாட்டி, பேட்டரியைக் கொடுத்து, சாவியை ஆன் செய்து இரண்டு வினாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். நாலு தடவை. ஸ்டார்ட் செய்யாதீர்கள். டார்ச் அடித்து ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேல் ரிங்கையும் பாருங்கள், கீழே டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு தடவை. அப்புறம்தான் ஸ்டார்ட்.

ஓடத் தொடங்கிய பின்

ஐடில் 1,000க்கு மேல் நின்றால் கீழ் ரிங்கில் காற்று லீக். சோதிக்கக் கார்ப் கிளீனர் அடிக்கும் பழக்கத்தை இந்த இன்ஜினில் விடுங்கள், அடியில் இருப்பது சூடான எக்ஸாஸ்ட். தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் போதும், லீக் இருக்கும் ரிங்கில் பட்டால் ஐடில் ஒரு நொடி மாறும். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் இன்ஜெக்டரைக் குறை சொல்லும் முன் கனெக்டர் ஆழமாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் சுற்றினால்தான் பிடிக்கிறது என்றால் ஏதோ ஒரு இன்ஜெக்டர் ராத்திரியெல்லாம் சொட்டுகிறது, அல்லது பம்ப்பின் செக் வால்வு போயிருக்கிறது.

1996 முதல் வந்த வண்டிகளில் ஸ்கேனர் மாட்டி நீண்டகாலத் திருத்த சதவீதத்தை, அதாவது கணிப்பொறி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் பழைய பாடம் மறந்திருக்கும், ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிய பின் பார்த்தால்தான் அர்த்தம். கூட்டல் கழித்தல் 5க்குள் இருந்தால் பிரமாதம், 10 வரை பரவாயில்லை. ஐடிலிலும் ஓட்டத்திலும் ஒரே மாதிரி கழித்தல் 15 என்றால் இன்ஜெக்டர் பெரிது. ஐடிலில் மட்டும் கூட்டல், வேகத்தில் சரியாகிறது என்றால் காற்று லீக். நேர்மாறாக வேகத்தில், சுமையில் கூட்டல் ஏறினால் இன்ஜெக்டரை விடுங்கள், பம்ப்போ ஃபில்டரோ சோர்ந்திருக்கிறது. எல்லை மீறினால் பெட்ரோல் குறைவுக்கு பி0171, அதிகத்துக்கு பி0172 விழும். 1991 முதல் 1995 வரையுள்ள வண்டியில் சாவியை மூன்று தடவை ஆன்-ஆஃப் செய்து, கடைசியில் ஆனில் விட்டு விளக்கின் சிமிட்டலை எண்ணுங்கள்; 51 குறைவு, 52 அதிகம். ரெனிக்ஸில் இந்த வசதியே கிடையாது, பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பதுதான் வழி. இளங்காபித் தூள் நிறம் நல்லது, மசி கருப்பு அதிகம், சாம்பல் வெள்ளை குறைவு.

பெரிய இன்ஜெக்டர் உண்மையிலேயே தேவைப்படும் 4.0 ஒன்று உண்டு. பழைய ஏஎம்சி 4.2 இன்ஜினின் கிராங்கைப் போட்டு 4.5, 4.6 லிட்டராக இழுத்த ஸ்ட்ரோக்கர். 230 குதிரைத்திறன் என்று வைத்து மேலே போட்ட கணக்கையே போடுங்கள், 24 பவுண்டு வரும். கொள்ளளவு பதினைந்து சதவீதம் கூடியிருக்கிறது, காற்றும் கூடியிருக்கிறது, பெட்ரோலும் கூட வேண்டும். அங்கே 24 போடுவது நியாயம், அதுவும் உங்கள் ரெயில் அழுத்தத்தில் 24 வருகிறதா என்று கணக்குப் போட்டபின். சதவீதம் இன்னும் கூட்டலிலேயே நின்றால் திருகி மாற்றக்கூடிய ரெகுலேட்டர் வைத்து ஐந்து பிஎஸ்ஐ ஏற்றிப் பார்க்கலாம்.

இன்ஜெக்டர் மாற்றினாலும் தீராத ஒரு வியாதி 2000க்குப் பின் வந்த 4.0களில் இருக்கிறது. வெயிலில் ஓட்டி வந்து, நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் தடுமாறும். எக்ஸாஸ்ட் சூடு ஏறி 3ஆம் இன்ஜெக்டருக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது, திரும்பும் லைன் இல்லாததால் அந்த ஆவிக்குப் போக வழியில்லை. கம்பெனியே அந்த இன்ஜெக்டருக்கு ஒரு வெப்பத்தடை உறையைக் கொடுத்தது. புதிய செட் போடும்போதே அதையும் சுற்றிவிடுங்கள், ரெயில் மறுபடி கழற்றும் வேலை மிச்சம்.

நம் ஊர் டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் எதுவும் காமன் ரெயிலுக்குப் பொருந்தாது. பெரும்பாலான வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தலையில் ஒரு குறியீட்டு எண் உண்டு, மாற்றினால் அந்த எண்ணை ஸ்கேனரால் கணிப்பொறியில் எழுதியாக வேண்டும். அழுத்தமும் ஆயிரம் பாரைத் தாண்டும், விரலை வைத்து லீக் பார்த்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கழற்றிய பழைய ஆறையும் தூக்கி எறிய வேண்டாம். முனைக்கு மூடி போட்டு, உள்ளே ஒரு சொட்டு லேசான ஆயில் விட்டு, சிலிண்டர் எண் எழுதி ஜிப் கவரில் வையுங்கள். புதியதில் சந்தேகம் வந்தால் திரும்பப் போட்டு ஒப்பிட அதைத் தவிர வேறு அளவுகோல் கிடைக்காது.